குளிரை வென்ற கரும்பு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதாகும். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரில் இருந்து ஆட்சி புரிந்தான். அவனுடைய வீரத்தையும் ஈகையையும் பாடிய ஔவையார், அவனுடைய முன்னோரின் பெருமையையும் எடுத்துரைத்துள்ளார். பெறுதற்கரிய கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்து தந்தவர்கள் அம்முன்னோர்களே என்பது புறநானூறு கூறும் செய்தி. பகைவரை வென்றமைக்காக மன்னரைப் போற்றுதல் எங்கும் உள்ள வழக்கம். ஒரு பயிரைக் கொண்டுவந்து தந்தமைக்காக ஓர் அரச குடியைப் போற்றியது நம் முன்னோரின் நல்லறிவைக் காட்டுகின்றது.

ஒரு நாட்டுப் பயிரை மற்றொரு நாட்டில் வளர்த்தல் எளிய செயலன்று. மண்ணும் நீரும் ஒத்திருப்பினும் தட்பவெப்பம் ஒத்திராவிடில் பயிர் வாடிவிடும். தகடூருக்கு வந்த கரும்பிற்கு இத்தொல்லை மிகுதியாக இல்லை. தருமபுரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. இங்கு மார்கழிப் பனி பெய்யுமே அன்றி, நீர் உறைந்து பனிக்கட்டியாகும் குளிர் வயல்களில் இல்லை. ஆனால், இதே பாரத நாட்டின் வடமேற்கில் உள்ள பஞ்சாபின் நிலை வேறு. அது 30 பாகைக்கும் வடக்கே பரந்து கிடக்கின்றது. அங்கே கோடையில் அனல் வீசும். குளிர்காலத்திலோ, சில இரவுகளில் பயிர்களின் மேல் உறைபனி படியும். வெப்ப நாட்டுப் பயிராகிய கரும்பு அக்குளிரை எவ்வாறு தாங்கும்? இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாறு, தருமபுரிக்குத் தொலைவில் இல்லாத கோயம்புத்தூரில் நிகழ்ந்தது.

முதலில் கரும்பின் இயல்பை அறிந்துகொள்வோம். பொங்கல் திருநாளில் நாம் கடித்துச் சுவைக்கும் பருத்த கரும்பின் தாயகம் நியூகினித் தீவு என்பர் அறிஞர். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் குன்றாத இடம் அது. அங்குத் தோன்றிய பயிராதலின், கரும்பு வெப்பத்தையே விரும்புகின்றது. மண்ணில் ஊன்றிய கரணை விரைந்து முளைப்பதற்கு 30 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் நன்று. வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குமாயின் வளர்ச்சி தளரும். மேலும் இறங்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். உறைபனி படிந்தால் இலைகள் கருகும், நுனிக்குருத்து மடியும், வெட்டிய கட்டையில் இருக்கும் கண்களும் துளிர்க்காமல் அழுகிப்போகும்.

குளிர் நாட்டில் வெப்ப நாட்டுச் செடிகளை வளர்க்க மனிதர் பல வழிகளைக் கையாண்டுள்ளனர். அவற்றுள் ஒன்று, செடிக்கு வீடு கட்டிக் கொடுத்தல். இங்கிலாந்தில் கியூ என்னும் இடத்திலுள்ள தாவரத் தோட்டத்தில், பனைக் குடும்ப மரங்களுக்கென இரும்பாலும் கண்ணாடியாலும் அமைந்த மாளிகையொன்று 1848-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. வெளியே பனி பெய்யும்போதும் அதனுள்ளே வெப்ப நாட்டு மரங்கள் தழைத்து நிற்கின்றன. ஆனால், பல்லாயிரம் ஏக்கர் கரும்பிற்குக் கண்ணாடிக் கூரை வேய யாரால் இயலும்?

இரண்டாவது வழி, பருவம் அறிந்து பயிரிடுதலும் பயிரைப் பேணுதலும் ஆகும். வடநாட்டு உழவர்கள் குளிர் நீங்கிய மாசி, பங்குனி மாதங்களில் கரணைகளை ஊன்றுவர். மழைக்காலத்தில் கரும்பு விரைந்து வளரும். உறைபனி வரும் எனத் தோன்றினால் வயலுக்கு நீர் பாய்ச்சுவர்; ஈர மண் விரைவில் குளிர்வதில்லை. அறுவடை செய்த கட்டையின்மேல் உலர்ந்த சோகையைப் பரப்பிக் காப்பதும் உண்டு. இவையெல்லாம் பயன் தருவனவே. எனினும், தென்னாட்டில் ஆண்டின் பெரும்பகுதியும் வளரும் கரும்பு, வடநாட்டில் சில திங்களே செழித்து வளர இயலும். ஆகவே, அங்குப் பருத்த கரும்பு வெற்றி பெறவில்லை. கத்தா முதலிய மெல்லிய நாட்டுக் கரும்புகளையே பஞ்சாப் உழவர்கள் பயிரிட்டு வந்தனர். அவை குளிரைத் தாங்கின; ஆனால் விளைச்சல் மிகக் குறைவு. கரும்பு விளையும் நாடாக இருந்தும், இந்தியா சாவகத் தீவிலிருந்து சர்க்கரையை விலைக்கு வாங்கியது.

எஞ்சியது மூன்றாவது வழி. அது பயிரின் இயல்பையே மாற்றுதல். இந்நோக்கத்துடன் 1912-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வடநாட்டுக்கு வேண்டிய கரும்பை உருவாக்கத் தென்னாட்டு நகரத்தைத் தேர்ந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். கரும்பைக் கரணையால் பயிரிடுவதே வழக்கமாதலின், அது பூப்பதையும் விதை தருவதையும் பலர் கருதுவதில்லை. புதிய இனம் தோன்ற வேண்டுமாயின் பூவும் விதையும் இன்றியமையாதவை. வடநாட்டின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்கு பூத்து முளைக்கும் விதை தருவது அரிது. கோயம்புத்தூரிலோ அது நன்றாகப் பூக்கின்றது; விதையும் முளைக்கின்றது.

அந்நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர். அவருக்குத் துணையாக இருந்து, பின்னர்த் தாமே தலைமை ஏற்றவர் டி. எஸ். வேங்கடராமன் என்னும் தமிழ்நாட்டு அறிஞர். குளிரைத் தாங்கும் ஆற்றலை எங்கிருந்து பெறுவது என அவர்கள் ஆராய்ந்தனர். ஆற்றங்கரைகளிலும் ஓடைகளிலும் தானே முளைத்து வெண்ணிறப் பூக்களை அசைத்து நிற்கும் நாணலின்மேல் அவர்கள் கருத்துச் சென்றது. நாணல் கரும்பின் நெருங்கிய உறவாகும். அதன் தண்டு மெலிந்தது. சாற்றில் இனிப்பு மிகக் குறைவு. உழவர் அதனைக் களையென்றே வெறுப்பர். ஆயினும், அது இமயமலை அடிவாரம் வரையிலும் பரவி வளர்வது. வறட்சி, வெள்ளம், குளிர் அனைத்தையும் தாங்குவது. மேலே உள்ள பகுதி கருகினாலும், மண்ணுக்குள் ஓடும் கிழங்கு போன்ற தண்டிலிருந்து மீண்டும் துளிர்ப்பது.

வெள்ளை என்னும் பருத்த கரும்பைத் தாயாகவும், கோயம்புத்தூர் நாணலைத் தந்தையாகவும் கொண்டு அவர்கள் கலப்பினம் உண்டாக்கினர். இப்பணி மிகுந்த பொறுமையை வேண்டுவது. கரும்பின் பூக்கள் மிகச் சிறியவை. மகரந்தம் காற்றில் பறப்பது. எனவே, வேண்டிய மகரந்தமே வேண்டிய பூவில் சேருமாறு காத்தல் வேண்டும். விதையோ கடுகினும் சிறியது. பஞ்சு போன்ற மயிர்களுக்கிடையே மறைந்திருப்பது. அதனைத் தட்டுகளில் விதைத்து நாற்றாக்கி, நாற்றுகளை வயலில் நட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். ஒரு தாயின் மக்கள் ஒருவர்போல் ஒருவர் இராமை போல, ஒரே கதிரில் விளைந்த விதைகளிலிருந்து வரும் கரும்புகளும் வெவ்வேறு இயல்பின. பல நூறு நாற்றுகளுள் ஒன்றிரண்டே தேறும். தேர்ந்தெடுத்த ஒன்றைக் கரணையால் பெருக்கினால், அதன் பின்னர் அதன் குணம் மாறுவதில்லை.

இவ்வாறு பிறந்ததே கோ 205. அது 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. தாயிடமிருந்து இனிப்பையும், தந்தையிடமிருந்து உரத்தையும் பெற்ற அக்கரும்பு, அங்குப் பயிரான பழைய கரும்பைக் காட்டிலும் மிகுதியாக விளைந்தது. வயலில் வேண்டாத களையெனக் கருதப்பட்ட நாணலே உழவரின் வாழ்வுக்குத் துணையாயிற்று. கோ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. தமிழில் அவ்வெழுத்திற்கு அரசன் என்னும் பொருளும் உண்டு. கரும்புகளுள் அரசனாக விளங்கிய இனத்திற்கு அது பொருத்தமான பெயரே. பின்னர்க் கோ 213, கோ 312 முதலிய சிறந்த இனங்கள் தோன்றின. 1932-ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புச் சட்டமும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் இயங்கலாயின. 1930-களில் இந்நிலையத்தில் பணிபுரிந்த ஜானகி அம்மாள் என்னும் பெண் அறிஞர், கரும்பின் உயிரணுக்களையும் அதன் உறவுப் புற்களையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

இத்துடன் பணி முடிந்துவிடவில்லை. அரியானாவிலுள்ள கர்னால் கிளையில் உருவாகிய கோ 0238 என்னும் இனம் 2009-இல் வெளியிடப்பட்டது. விளைச்சலும் சர்க்கரையும் ஒருங்கே மிகுந்த அவ்வினம் உத்தரப் பிரதேசத்தின் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைக் கவர்ந்தது. ஆனால், ஒரே இனம் எங்கும் பரவியபோது செவ்வழுகல் நோய் அதனைத் தாக்கியது. வயல்கள் பல பாழாயின. இன்று மீண்டும் புதிய இனங்கள் தேவைப்படுகின்றன. அவற்றை உருவாக்க வேண்டிய மூலப்பொருள் காட்டு இனங்களிலேயே உள்ளது. அதனாலன்றோ கோயம்புத்தூர் நிறுவனத்தார், உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய கரும்பு இனங்களைக் கேரளத்தின் கண்ணூரில் பேணிக் காத்து வருகின்றனர்!

நாணலின் கொடை வடநாட்டோடு நிற்கவில்லை. தமிழகத்தில் பரவலாகப் பயிராகும் கோ 86032 முதலிய கரும்புகளின் மரபிலும் அதன் பங்கு உண்டு. தருமபுரி மாவட்டத்தில் கொப்பரைகளில் கொதித்து வெல்லமாகும் சாற்றிலும், பாலக்கோட்டிலும் அரூர் வட்டத்திலும் நிறுவப்பட்ட கூட்டுறவு ஆலைகளுக்கென உழவர் வளர்த்த கரும்பிலும் அந்த எளிய புல்லின் உரம் கலந்துள்ளது.

அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்து தந்தனர். அறிவியலார் அதனைக் குளிர் நாட்டிற்கும் உரியதாக்கித் தந்தனர். இயற்கையை எதிர்த்துப் போரிட்டு அவர்கள் வெல்லவில்லை. இயற்கையிடமே கற்று வென்றனர். பயனற்றது என்று நாம் ஒதுக்கும் புல்லுக்குள்ளும் நாளைய மக்களின் உணவைக் காக்கும் ஆற்றல் மறைந்திருக்கலாம். ஆதலின், ஓடைக் கரையையும் அங்கு வளரும் செடி கொடிகளையும் அழியாமல் காத்தல் நம் அனைவருடைய கடமையாகும்.