நடமாடும் நிமோனியா!
விடாத இருமலை அலட்சியம் செய்யாதீர்கள்

பையனுக்கு லேசான காய்ச்சல். தொண்டை வலி. தலைவலி.

"ஜலதோஷம்தான்" என்று தாயார் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். காய்ச்சல் தணிகிறது. பையன் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால், இருமல் மட்டும் விடவில்லை! இரண்டு வாரம் ஆகிறது. மூன்று வாரம் ஆகிறது. இரவில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இது வெறும் ஜலதோஷமாக இல்லாமல் இருக்கலாம். "மைக்கோபிளாஸ்மா" என்ற கிருமியின் வேலையாகவும் இருக்கலாம்.

படுக்காத நோயாளி

நிமோனியா வந்தால் படுத்த படுக்கையாகக் கிடப்பார்கள் என்று நினைக்கிறோம். இந்தக் கிருமியால் வரும் நிமோனியா பெரும்பாலும் அப்படி இல்லை. நோயாளி எழுந்து நடமாடுவார், வேலைக்கும் போவார். அதனால்தான் இதற்கு "நடமாடும் நிமோனியா" என்று பெயர்.

காய்ச்சல், தலைவலி, தொண்டை வலி, சோர்வு ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றும். பிறகு இருமல் வரும். அது பல வாரங்கள் நீடிக்கும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகலாம், இழுப்பு வரலாம், வாந்தி, வயிற்றுப்போக்கும் ஏற்படலாம்.

ஒருவர் பின் ஒருவராக

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளால் நோய் பரவுகிறது. கிருமி உடம்பில் புகுந்து 1 முதல் 4 வாரம் கழித்தே நோய் வெளியே தெரியும்.

ஆகவே, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் இரும மாட்டார்கள். இன்று அண்ணன், மூன்று வாரம் கழித்துத் தங்கை, அதற்குப் பிறகு தகப்பனார்! இப்படி நடந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடங்களிலும் மாணவர் விடுதிகளிலும் இது எளிதில் பரவும். 2023-ம் ஆண்டு இறுதியில் சீனாவின் வட பகுதியில் ஏராளமான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்கு இந்தக் கிருமிதான் காரணம்.

பெனிசிலின் பலிக்காது!

பல கிருமிகளைச் சுற்றிச் சுவர் போன்ற கவசம் உண்டு. அந்தச் சுவரைக் கட்ட விடாமல் தடுத்து, பெனிசிலின் அவற்றைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்கோ சுவரே கிடையாது! ஆகவே பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை.

இதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எது தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். போன தடவை மிஞ்சிய மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டும் மூன்று நாளில் காய்ச்சல் குறையாவிட்டால், மீண்டும் அவரிடம் போங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல் - இவற்றில் எது இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காச நோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதை இலவசமாகச் செய்கிறார்கள்.

இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல் விட்டதும் நோயும் விட்டது என்று இருந்துவிடாதீர்கள்!