டிராக்டர் 'செல்ப்' எடுக்கவில்லையா?

கோடையில் கொட்டகையில் நின்ற டிராக்டரை முதல் மழைக்கு மறுநாள் காலையில் எடுக்கப் போகும்போதுதான் தொல்லை தெரியும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் சுற்றாது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டுமே என்ற அவசரத்தில், பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, பல ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதியது வாங்குவோர் உண்டு. புது பாட்டரி சில நாள் இழுக்கும். பிறகு பழைய கதைதான். ஏனெனில் பழுது பெரும்பாலும் பாட்டரியில் இல்லை. அதன் முனையிலோ எர்த் இணைப்பிலோ இருக்கிறது.

டிராக்டரில் இருப்பது வெறும் 12 வோல்ட். செல்ப் மோட்டாரோ எஞ்சினைச் சுற்ற 200 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. அந்த அளவு மின்சாரம் பாயும்போது, இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். முகப்பு விளக்குக்கு 5 ஆம்பியர் போதும். அதே கெட்ட இணைப்பு வழியாகவே அது பளிச்சென்று எரியும். எனவே, "லைட் எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே" என்பதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது.

மீட்டர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தும் நாபை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பவும். விளக்கு அணைந்துபோனால் பாட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனை கெட்டிருக்கிறது. விளக்கு சற்றும் மங்காவிட்டால் மின்சாரம் செல்ப் மோட்டாருக்கே போகவில்லை. சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சொலினாய்டுக்குப் போகும் சிறு வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் ஆறவிடுவது நல்லது. இரண்டு மூன்று தடவை அடித்தபின் கேபிள் முனைகளை மெல்லத் தொட்டால், கெட்ட இணைப்பு சூடாக இருக்கும்.

மீட்டர் உள்ளவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். முழுச் சார்ஜ் உள்ள பாட்டரி, ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் ஏற்றியும் செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் ஈயக் குமிழிலும், மற்றதை எஞ்சின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. கேபிள் போல்ட்டின் அடியில் பெயிண்டும் துருவும் சேறும் இருக்கும். கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினால் போதும்.

செல்ப் எடுக்காதபோது ஸ்பானரை வைத்து ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் தொடவைத்துக் கிளப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. இது உயிரை வாங்கும் பழக்கம். இப்படிக் கிளப்பும்போது கிளட்ச் ஸ்விட்ச் தரும் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த மாத்திரத்தில் டிராக்டர் நகரும். ஸ்பானர் பிடித்தவர் நிற்பதோ பெரிய சக்கரத்துக்கு முன்னால். கெட்டுப்போன கிளட்ச் ஸ்விட்ச்சை மாற்றாமல் வயரை முறுக்கி நேராக இணைத்துவிடுவதும் இதே ஆபத்துதான்.

பாட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்த நீர் பாட்டரிக்குள் இறங்காமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். கழற்றும்போது நெகடிவ் கேபிள் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பக்கத்தில் பீடி நெருப்பு ஆகாது. சார்ஜ் ஏறும்போது வரும் வாயு வெடிக்கக் கூடியது. தட்டுகள் மூழ்கும்படி பாட்டரித் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும், கிணற்று நீரும் கூடாது, ஆசிட்டும் கூடாது. முனையை முறுக்கியபின் மேலே சிறிது வாசலின் தடவலாம்.

எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டாவிட்டால், ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்குமானால் நெகடிவ் கேபிளைக் கழற்றி வைக்கலாம்.