முதல் ஆட்டமும் பிறர் கைச் சேர்க்கையும்

ஒரு நூலை முதன்முறையாகப் படிக்கும் பேறு ஒருவனுக்கு ஒருமுறையே வாய்க்கும். இவ்வுண்மை கணினி விளையாட்டுக்கும் பொருந்தும்.

சாய்ந்தமருதில் என்னிடம் தமிழ் பயிலும் இளைஞர் சிலர், 2002ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘மொரோவிண்ட்’ என்னும் விளையாட்டை ஆடத் தொடங்கியுள்ளனர். ஆடுவோன் தானே கதைமாந்தனாகி, வார்டன்ஃபெல் என்னும் தீவில் உலவுவது அதன் அமைப்பு. அதனை ஆக்கியோர், தம் உலகை மாற்றியமைக்கும் கருவியையும் கணினிப் பதிப்புடன் வழங்கினர். அதனால் ஆர்வலர் இயற்றிய சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. இவற்றை ‘மொட்’ என வழங்குவர். முதல் ஆட்டத்துக்கு எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பது இளைஞரின் வினா. ஏடு பதிப்பித்தோரை வருத்திய வினாவும் இதுவே.

சேர்க்கைகளை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, வழுக்களைவது. ‘பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்’ என்பது ஆக்கியோர் கருத்தை மாற்றாது பிழையை மட்டும் நீக்க முயல்வது. ‘மொரோவிண்ட் கோட் பேட்ச்’ என்பதும் கொள்ளத்தக்கதே. ஆயினும், ஆட்டமுறையை மாற்றும் விருப்பப் பகுதிகள் அதில் உள. அவற்றை முதலில் விலக்குக. எழுதுவோர் கைப்பிழையைத் திருத்துதல் பதிப்பாசிரியர் கடன். பாட்டைத் திருத்துதல் அன்று.

இரண்டாம் வகை, அழகும் எளிமையும் கூட்டுவது. இதிலேதான் விழிப்பு வேண்டும். அத்தீவை மூடிய பனிமூட்டம் அக்காலக் கணினியின் வலுக்குறைவால் வந்தது. அதனை நீக்கித் தொலைக்காட்சி தரும் சேர்க்கை ஒன்று உண்டு. நீக்கினால், நெடுந்தூரத்தில் உள்ளதாக நினைத்த ஊர் அருகிலேயே தோன்றும். பெருநிலம் சிறு தீவாகிவிடும். வாள்வீச்சு தவறுவதும் அவ்வாறே. திறன் குறைந்தோனும் ஓடிக் களைத்தோனும் வீசும் வாள் பெரும்பாலும் தவறும். எல்லா வீச்சும் தைக்குமாறு செய்துவிட்டால், மெலியோன் வலியோனாகும் கதை எங்கே? வழிகாட்டும் அம்புக்குறியும் அங்கில்லை. பிறர் சொன்ன வழியைக் கேட்டும் குறிப்பேட்டைப் படித்துமே நடக்க வேண்டும். மொழி பயில்வோர் இதனைக் குறையெனக் கொள்ளலாமா?

மூன்றாம் வகை, கதையுலகை விரிப்பது. மூலத்தில் இல்லாத பெருநிலத்தை ‘தம்ரியேல் ரீபில்ட்’ என்னும் ஆர்வலர் குழு படிப்படியாக ஆக்கி வருகிறது. உமறுப்புலவர் நிறுத்திய இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயர் சின்னச்சீறா பாடியதை நாம் போற்றுகிறோம். எனினும், சீறாப்புராணத்தைப் படித்த பின்னரன்றோ அதன் அருமை விளங்கும்? இவ்விரிவையும் இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்க.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. இரு சேர்க்கைகள் ஒரே பொருளை மாற்றினால், பெரும்பாலும் பின்னர் ஏற்றப்பட்டதே நிலைக்கும். நூறு சேர்க்கைகளை ஏற்றி ஆடுவோன் சலித்து எழுந்தால், அச்சலிப்பு ஆக்கியோனால் வந்ததா, ஒட்டியோனால் வந்ததா என அறியான். கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்து அச்சிட்ட பதிப்பாசிரியர் அவற்றை அழித்தாரல்லர். எது எவர் கையென வாசகன் அறிய இடம் வைத்தார். இளைஞர்க்கு யான் கூறுவதும் அதுவே: முதலில் வழு நீக்கிய மூலத்தை ஆடுக, விரும்பியதை ஒட்டும் தகுதி அதன்பின் தானே வரும்.