இரண்டு பீஜும் ஒன்றல்ல

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது. தண்ணீர் நின்ற சுவரைக் காயவிட்டு, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பது என்ன செலவு என்று இந்த ஊருக்குத் தெரியும். அதனால் ஷேடு கார்டில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பீஜில் எதை எடுப்பது என்று முழிப்பவரிடம், ‘எல்லாம் சந்தனக் கலர்தானே’ என்று சொல்லிவிட முடியாது. வெள்ளையில் துளி மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் பீஜ். ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், மற்றது ரோஸ் பக்கம். சின்ன அட்டையில் அது கண்ணுக்குப் படாது. நான்கு சுவரிலும் அடித்த பிறகு, வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் திரும்பத் திரும்பச் சாயல் கூடிக்கொண்டே போகும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் வெள்ளையில் நீலம் கலந்ததும் மஞ்சளை அமுக்கத்தான்.

‘வடக்கு அறையில் குளிர்ந்த வெளிச்சம், மஞ்சள் சாயலே நல்லது’ என்று ஒரு யோசனை உலவுகிறது. ஐரோப்பாவுக்கு அது சரி. ஏரல் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைகூட விலகாத ஊர். சித்திரைப் பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் வடக்கே போனால், ஆவணி பாதியில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் வெயில் காய்வது வடக்குச் சுவர்தான். இங்கே திசையைவிடத் தரையையும் ஜன்னலையும் பார்ப்பது மேல். சிவப்பு ஆக்சைடு தரை சுவருக்குச் செம்மை ஏற்றும், அங்கே ரோஸ் சாயல் வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டம் என்றால் பச்சை உள்ளே வரும், மஞ்சள் பீஜ் அதில் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும்.

இரண்டும் உள்ள வீட்டில்? இரவு விளக்கை நடுவராக வைக்கலாம். பகல் வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவைக்கும் ஊரில், வீட்டார் கூடி உட்கார்வது விளக்கு வைத்த பிறகுதான். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. நீலம் தூக்கலானது, பகலில் ஒன்றுபோல் இருந்த இரண்டு கலரும் அதன் கீழே பிரிந்து நிற்கலாம். சோதித்துப் பார்ப்பது வீண் செலவு என்பார்கள். சின்ன டப்பா இரண்டும் அரைநாள் கூலியும், ஹால் முழுக்கத் திரும்ப அடிக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பழைய கலர் மேல் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. பிரைமர் அடித்த இடத்தில், எதிரெதிர்ச் சுவர்களில், இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். அப்படியும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் வெளிறியதை எடுங்கள். ராத்திரி ஒரு விளக்கு குறைவாகப் போதும்.