பழைய கார் பந்தயத் தடமேறுகிறது

மோட்டார்ப் பந்தயம் செல்வரின் விளையாட்டு என்பது நம்மிற் பலருடைய எண்ணம். பத்திரிகைகளில் வெளிவரும் படங்களை நோக்குவார்க்கு அவ்வெண்ணம் தவறென்று தோன்றாது. ஆயினும், வீட்டுக்கும் கந்தோருக்குமாகப் பல்லாண்டு ஓடித் தேய்ந்த சாதாரணக் கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதனைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டி, விடுமுறை நாட்களிற் பந்தயத் தடத்தில் ஓட்டி மகிழ்வோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளம். இவர்கள் எதிற் சிக்கனம் பிடிக்கிறார்கள்? எதிற் சிக்கனம் பிடிக்க அஞ்சுகிறார்கள்? பின்னைய வினா உயிரோடு தொடர்புடையது.

இவ்வழக்கம் வேரூன்றுவதற்குப் பேருதவி புரிந்தது ஒஸ்ரின் செவன் என்னும் சிறிய கார். 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. எஞ்சின் 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இன்றைய மோட்டார்ச் சைக்கிள்கள் சிலவற்றின் எஞ்சின் இதனினும் பெரிது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இக்கார்கள் மிக மலிவாகக் கிடைத்தன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பொறியியல் பயின்ற கொலின் சப்மன் என்னும் இளைஞர் அக்காலத்திற் பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947 இற் பெற்றோற் பங்கீடு இறுகவே வியாபாரம் படுத்தது. 1930 ஆம் ஆண்டு ஒஸ்ரின் செவன் ஒன்று விலைபோகாமல் அவர் கையில் எஞ்சியது. அதனைத் தம் காதலியின் வீட்டுப் புறத்தே இருந்த கராஜில் வைத்துப் பிரித்தார். பழைய உடலைக் களைந்து, ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் சேர்ந்த இலேசான உடலொன்றைப் பூட்டினார். 1948 இல் உருவான அந்த வண்டியே முதலாவது லோட்டஸ். சேற்று மேடுகளில் ஏறும் போட்டிகளுக்கென அது செய்யப்பட்டது; தடப் பந்தயத்துக்குரிய வண்டி பின்னரே வந்தது.

1939 இல் நிறுவப்பட்ட '750 மோட்டார்க் கழகம்' ஒஸ்ரின் செவன் வண்டிகளுக்கென மலிவான பந்தயப் பிரிவொன்றை வகுத்திருந்தது. அதற்காகச் சப்மன் 1951 இல் மூன்றாவது லோட்டஸைக் கட்டினார். ஒஸ்ரின் எஞ்சினில் நான்கு உருளைகளுக்கும் வாயு புகும் வாயில்கள் இரண்டே. அயலிலுள்ள இரு உருளைகள் ஒரு வாயிலைப் பங்கிட்டுக் கொள்ளும். ஆகவே ஒன்றன் பங்கை மற்றது கவர்ந்துவிடும். சப்மன் அவ்வாயில்களின் நடுவே தடுப்புத் தகடு வைத்து, நான்கு உருளைகளுக்கும் நான்கு வழிகள் உளவென்னும்படி செய்துவிட்டார். செலவு சொற்பம், வேகமோ பிறர் எட்ட முடியாதது. பின்னர் கழகம் விதியைத் திருத்தி அத்தந்திரத்தைத் தடை செய்தது! பணத்திற்கு எல்லை வகுத்தவிடத்து மூளை எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணத்தை நான் அறியேன். நியூசிலாந்தில் தந்தையின் துணையுடன் 1929 ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஒன்றைத் திருத்தி ஓட்டிப் பழகிய சிறுவன் புரூஸ் மக்லாரன், 1963 இல் தன் பெயரால் ஒரு பந்தயக் குழுவையே நிறுவினான் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இக்கதை அத்துணை வியப்பைத் தராது. 1990 களிற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட்டியவர்கள் நம்மவர்கள் அல்லரோ? அவர்களுடைய நோக்கம் வேறு, கைத்திறன் ஒன்றே.

இன்று ஒஸ்ரினின் இடத்தைப் பிடித்துள்ள கார்களுள் ஒன்று 1989 இல் யப்பானிலிருந்து வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ். ஐந்து. இரண்டே இருக்கைகள், இலேசான உடல், பின்சில்லுகளால் உந்தப்படும் அமைப்பு, எளிதிற் கிடைக்கும் உதிரிப்பாகங்கள் ஆகிய யாவும் அதற்கு வாய்த்துள்ளன. இத்தகைய காரொன்றை வாங்கியவர் முதலிற் செய்வது கழற்றுதலே. தரைவிரிப்பு, வானொலி, குளிரூட்டி, மேலதிகச் சில்லு ஆகிய அனைத்தும் வெளியேறும். கழற்றியவற்றுள் விலைபோவனவற்றை விற்றால் முதலிற் கொஞ்சம் மீளும். சத்தத்தை அடக்குதற்காகத் தரைத் தகட்டில் ஒட்டியிருக்கும் தார்ப் படலத்தை உரிப்பதற்கு அவர்கள் ஒரு வேடிக்கையான உபாயம் வைத்திருக்கின்றனர். உறைந்த கரியமிலவாயுவை அதன்மேற் பரப்புவர். பூச்சியத்துக்குக் கீழ் 78 பாகையுள்ள அக்குளிரிற் படலம் கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை அடையும். பின்னர் சுத்தியலால் தட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடும். இவ்வாறு நீங்கும் ஒவ்வொரு கிலோகிராமும் வண்டியை விரைவாக ஓடச் செய்வதுடன், விரைவாக நிற்கவும் செய்கின்றது. எஞ்சினுக்கு வலுவூட்டினால் முன்னையது மட்டுமே கிட்டும்.

நிற்பதைப் பற்றிப் பேசினோம். பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்துடன் வளர்வது. மணிக்கு 100 கிலோமீற்றரிற் செல்லும் காரிலும் 140 கிலோமீற்றரிற் செல்லும் அதே கார் ஏறத்தாழ இருமடங்கு சக்தியைச் சுமக்கின்றது. பிறேக்கை மிதிக்கும்போது அச்சக்தி முழுவதும் வெப்பமாதல் வேண்டும். தெருவில் எப்போதாவது ஒருமுறை வேகமாக மிதிக்கிறோம். தடத்திலோ ஒவ்வொரு வளைவிலும் மிதிக்க வேண்டும். பிறேக்குத் தட்டுக்கள் ஆறுவதற்கு அவகாசமில்லை. வெப்பம் பிறேக்கு எண்ணெய்க்கு ஏறும். சாதாரண வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை வரை கொதியாது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுந் தன்மையது. ஈரமேறிய பழைய எண்ணெய் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். மிதிபலகை அடித்தகடு வரை இறங்கிவிடும், கார் நில்லாது. வளைவோ எதிரே நிற்கும். போத்தல் ஒன்றிலடங்கும் புதிய எண்ணெயும், வெப்பம் தாங்கும் பிறேக்குக் கட்டைகளும் இந்த ஆபத்தைப் பெரிதும் தடுக்கவல்லன. ஆதலால், அனுபவசாலிகள் எஞ்சினிற் கைவைக்குமுன் பிறேக்கிற் கைவைப்பர். எஞ்சினுக்கும் ஒரு சிறு வைத்தியம் உண்டு: நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிவிட, எண்ணெய்ப் பம்பி காற்றை உறிஞ்சித் தாங்கிகள் எரிந்துபோதல் உண்டாகையால், எண்ணெய்த் தொட்டியுள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள்.

அடுத்தது உருக்குக் குழாய்களாலான பாதுகாப்புக் கூடு. கார் புரண்டால் கூரை நசுங்காது காப்பது இதுவே. இங்கே அரைகுறைச் சிக்கனம் கேடு விளைக்கும். தோளையும் இடுப்பையும் இருக்கையோடு இறுகப் பிணிக்கும் பந்தயப் பட்டியை மட்டும் வாங்கிப் பூட்டி, கூட்டைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்பவர் உளர். புரளும் காரிற் கூரை கீழே இறங்கும்போது, அப்பட்டி அவரை நிமிர்ந்தபடியே பிடித்து வைத்திருக்கும். சரிந்து ஒதுங்க வழியில்லை. கூடு பூட்டிய காரைத் தெருவில் ஓட்டுதலும் நன்றன்று. தலைக்கவசமின்றி ஓட்டுபவரின் தலை, சிறிய மோதலிற்கூட உருக்குக் குழாயிற் சென்று மோதும். தடத்திலே காப்பது தெருவிலே கொல்லும். ஆதலால், இவ்வேலையைத் தொடங்குபவர் அந்தக் காரிற் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் எண்ணத்தை முதலிலேயே கைவிட வேண்டியவராவார்.

சிக்கனத்தின் எல்லை எதுவென்பதை அழகாக வரையறுத்த போட்டியொன்று 2006 இற் கலிபோர்னியாவில் தொடங்கியது. பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைப் பரிகசித்து, '24 மணி நேர லெமன்ஸ்' எனப் பெயரிட்டார்கள். அமெரிக்க வழக்கில் உதவாக்கரைக் காருக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். காரின் விலையும் திருத்தச் செலவும் சேர்ந்து 500 டொலரைத் தாண்டலாகாது என்பது விதி. பிறேக்கு, சில்லு, ரயர், பாதுகாப்புக் கூடு, இருக்கை, பட்டி ஆகியவற்றுக்காகும் செலவு அக்கணக்கிற் சேராது, எவ்வளவும் செலவிடலாம். ஓட்டத்துக்கு முன்னர் நடுவர்கள் காரைச் சுற்றிப் பார்த்து விலையை மதிப்பிடுவர். எல்லையைக் கடந்ததாக அவர்கள் கருதும் ஒவ்வொரு பத்து டொலருக்கும், ஒரு சுற்று அபராதமாகக் கழிக்கப்படும்.