விலகச் சொல்வதா, விளங்கச் சொல்வதா?

"டீச்சர், சமூக ஊடகம் கெட்டதுன்னா நீங்க ஏன் வாட்ஸ்அப் வச்சிருக்கீங்க?"

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "சமூக ஊடகங்களை விட்டுவிடுங்கள்" என்று பேசியவளும் நான்தான்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் இரவு, "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வந்த செய்தியைப் பெற்றோர் குழுவில் பகிர்ந்துவிட்டேன். அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. மறுநாள் பதினோரு பேர் வரவில்லை. அன்று நடந்த தேர்வையும் எழுதவில்லை. கேள்வி கேட்டவள் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி.

அதன் பிறகுதான் இதைப் பற்றி நிதானமாகப் படிக்கத் தொடங்கினேன்.

ஃபேஸ்புக் 2004-இலும், இன்ஸ்டாகிராம் 2010-இலும் தொடங்கப்பட்டன. இவற்றுக்கு நாம் காசு கொடுப்பதில்லை, விளம்பரம்தான் வருமானம். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு முடிவு உண்டு. ரீல்ஸுக்கு முடிவே இல்லை. 'போதும்' என்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கே கடினமான அதை, 13 வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம்.

விலகினால் என்ன ஆகும்? 2018-இல் அமெரிக்காவில் சுமார் 2,700 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு சற்றே கூடியது. அதே சமயம், நாட்டு நடப்பு பற்றி அவர்கள் அறிந்திருந்தது குறைந்தது. லாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

எங்கள் கடற்கரையில் அந்த நட்டத்தின் பொருள் வேறு. 2004 டிசம்பர் 26 அன்று முன்னெச்சரிக்கை எதுவுமின்றிச் சுனாமி வந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது நிலைமை அப்படி இல்லை. வானிலை எச்சரிக்கை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு முன்பே வந்துசேர்ந்தது. படகையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அவர்களிடம் போய் "வாட்ஸ்அப்பை விடுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

அதே வாட்ஸ்அப்பில்தான் 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் பற்றிய வதந்தி பரவியது. அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த குடும்பத்தை ஊரார் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்தார். நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரு செய்தியைப் பகிர முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் மாற்றப்பட்டது.

தடை தீர்வாகுமா? 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். செயலி மாறியது, பழக்கம் மாறவில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுத்திருக்கிறது. அதன் பலன் தெரியும் வரை நம் வகுப்பறை காத்திருக்க முடியாது.

எனவே மாணவர்களோடு நானும் ஒரு வாரம் குறிப்பேடு எழுதினேன். கைப்பேசியை எதற்காக எடுத்தோம், எவ்வளவு நேரம் நினைத்தோம், எவ்வளவு நேரம் ஆனது என்று மூன்றே கட்டங்கள். வீட்டுப்பாடம் பார்க்க அம்மாவின் கைப்பேசியை வாங்கியவர்களில் பலர் ரீல்ஸில் போய் நின்றிருந்தார்கள். என் குறிப்பேடும் அப்படித்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் வாசித்துக் காட்டினேன்.

பிறகு நாங்களே விதிகள் வகுத்தோம். 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கு வேண்டாம். தூங்கும் இடத்தில் கைப்பேசி வேண்டாம். தேவையற்ற அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட வேண்டும். தேதியும் அனுப்பியவர் யார் என்பதும் தெரியாத செய்தியைப் பகிரக் கூடாது. தூக்கமோ படிப்போ கெடுகிறது என்று குறிப்பேடு காட்டினால், அந்தச் செயலியை நீக்கிவிட வேண்டும். நான் இரண்டை நீக்கினேன், வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டேன். அந்த மாணவியின் கேள்விக்கு என் பதில் அதுதான். விடுமுறைச் செய்திக்காக வகுப்பில் மன்னிப்பும் கேட்டேன்.

சில வாரங்கள் கழித்து மழை வலுத்தது. பெற்றோர் குழுவில் யாரோ விடுமுறைச் செய்தி ஒன்றைப் போட்டார்கள். நான் பார்ப்பதற்குள், ஒரு அம்மாவின் எண்ணிலிருந்து பதில் வந்திருந்தது: "இதுல தேதி இல்ல. கலெக்டர் அறிவிப்பு வந்த பிறகு போடுங்க."

தட்டச்சு செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.