நால்வர் இசைக்கு ஏற்ற ஸ்பீக்கர்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேற்கத்திய அறையிசையின் தலையாய வடிவமான ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுக்கு இந்த நான்கு கருவிகள் போதும். இதை வீட்டில் கேட்க ஸ்பீக்கர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது தெளிவு. சத்தம் அதற்குப் பிறகுதான்.

செல்லோவின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். வியோலாவுக்கு 131, வயலினுக்கு 196. ஆகவே 60 ஹெர்ட்ஸ் வரை பிசிறின்றி இறங்கும் சிறிய ஸ்பீக்கரே போதும்; சப்வூஃபர் வேண்டியதில்லை. பியானோவும் சேர்ந்தால் தேவை கூடும். அதன் மிகத் தாழ்ந்த கட்டை 27.5 ஹெர்ட்ஸ்.

1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர், சிறிய பெட்டியே போதும் என்பதற்கு நல்ல சான்று. ஓரடி உயரப் பெட்டிதான், பாஸும் குறைவு. ஆனால் மனிதக் குரலும் நரம்புக் கருவிகளும் அதில் இயல்பாக ஒலிக்கும். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருப்பது அதனால்தான்.

வாங்குமுன் பழக்கமான ஒரு பதிவைப் போட்டுக் கேட்பது நல்லது. வில் நரம்பைத் தொடும் கணத்தின் மெல்லிய உரசல் கேட்க வேண்டும். காதைக் குத்தக் கூடாது. ஒலியைக் குறைத்தாலும், நடுவில் இழையும் வியோலா மறையக் கூடாது.

வீட்டில் இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் வீங்கி, செல்லோ மற்ற மூன்றையும் மூடிவிடும்.